ஆறாவது கேன்

ஜனவரி 2

ஆலை முதலாளி இந்த வருடம் டைரி கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்தார் என்றாலும் எனக்கு மட்டும் இரண்டு கையாலும் கொடுத்தார். இதைச் சரசுவிடம் சொன்னேன். "ஒரு கையில டைரி, ஒரு கையில காலண்டர். எல்லாருக்கும் அப்படித்தான் குடுத்திருப்பாரு" என்றாள். என் மனைவிக்கு எதையும் குறைத்துச் சொல்லும் வியாதி.

பிற்காலத்தில் இதைப் படிக்கப் போகிறவர்களுக்காக: என் பெயர் அங்கப்பன். ஊர் ஆத்தூர்ப் பக்கம். சேகோ ஆலையில், அதாவது குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் இடத்தில், லோடு இறக்கும் மேஸ்திரி. ஆலையே என்னால்தான் ஓடுகிறது என்று நானே சொல்லக் கூடாது, மற்றவர்கள் சொல்லட்டும். படிப்பு ஒன்பதாம் வகுப்பு. அதை இரண்டு முறை படித்ததால் பத்து என்றே கணக்கு.

என் அக்கா மகள் கோகிலவாணி கோயம்புத்தூரில் கெமிக்கல் இன்ஜினியரிங்கில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அக்காவும் மச்சானும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனதால் ஆறாம் வகுப்பு முதல் எங்கள் வீட்டில் வளர்ந்தவள். அவளுக்கு அறிவு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பட்டம் சும்மா வராது. முதலில் சில பாடங்கள் எழுதித் தேற வேண்டும். பிறகு கம்ப்ரசர் வைவா என்று ஒன்று, நாலு புரொபசர்கள் சுற்றி உட்கார்ந்து கேள்வி கேட்டே காற்றைப் பிடுங்குவார்கள். பிறகு சொந்தமாக ஒரு ஆராய்ச்சி. அதை வைத்துப் பெரிய பத்திரிகையில் இரண்டு கட்டுரை வர வேண்டும். அப்புறம் சினாப்சிஸ் என்று சிற்றுண்டி மாதிரி பெயருள்ள ஒரு சுருக்கம். அப்புறம் தலையணை தடிமனுக்கு ஒரு புத்தகம். கடைசியில் ஊரைக் கூட்டி வைத்து இன்னொரு வைவா. அதில் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாமாம். நான் கேட்கப் போகும் கேள்வியில் அந்த மண்டபமே ஆடும். என்ன கேள்வி என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு கட்டுரை வந்துவிட்டது. இன்னொன்று பாக்கி. அது ஏற்கப்பட்டு, சினாப்சிஸும் ஜூன் 30க்குள் உள்ளே போக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை கெடு நீட்டித்தாயிற்று. இதைத் தாண்டினால் பதிவு ரத்து, ஆறு வருடப் படிப்பும் அவ்வளவுதான்.

ஜனவரி 5, ஞாயிறு

ஐந்தாவது கேன்.

விளக்கம்: எங்கள் ஆலையின் கழிவுத் தண்ணீர்தான் கோகிலாவின் ஆராய்ச்சி. குச்சிக்கிழங்குத் தோலையே கரியாக்கி, கண்ணாடிக் குழாயில் அடைத்து, அதன் வழியே இந்தத் தண்ணீரை விட்டுச் சுத்தமாக்குகிறாள். முதலாளியிடம் அனுமதி வாங்கி, பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு கேன் பிடித்து பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான். ஆராய்ச்சியில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் கண்டக்டர், "யோவ், என்னய்யா இது இப்படி நாறுது?" என்றார். "இது நாத்தமில்ல தம்பி, ஆராய்ச்சி" என்றேன். அவர் கண் கலங்கி எனக்கு ஜன்னல் சீட்டு கொடுத்தார்.

லேபில் இதைக் கோகிலாவிடம் சொன்னபோது அவள் தராசைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"மாமா, போன தடவை டிரைவரே எறங்கி வந்து கும்பிட்டாருன்னீங்க. அதுக்கு முந்தின தடவை டிக்கெட்டே வேண்டாம்னாங்கன்னீங்க."

"ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி நடக்குது கண்ணு, நான் என்ன பண்றது?"

"நாங்க எதையும் மூணு தடவ செஞ்சு பாப்போம் மாமா. மூணும் ஒத்து வந்தாத்தான் வெளிய சொல்லுவோம். அதுலயும் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். அதனால கூடக் குறைய இவ்வளவுன்னு பக்கத்துல போட்டுருவோம். உங்க கதைக்கும் அத போடோணும்."

சரி, இனி போடுகிறேன். கண்டக்டர் கண்ணில் ஒரு சொட்டு கண்ணீர் (கூடக் குறைய ஒரு சொட்டு).

ஒன்று மட்டும் மனதில் நிற்கிறது. கேனைத் திறந்ததும் பக்கத்து மேசைப் பையன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அக்கா, உங்க ஊர்த் தண்ணியா இது?" என்றான். கோகிலா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஆறாவது கேன். ஆத்தூரின் மானத்தைக் காப்பாற்றினேன்.

தண்ணீரை வாய்க்காலில் பிடித்து, என்னுடைய புத்தம் புதிய எட்டு முழ வேட்டியை நாலாய் மடித்து, அதில் ஊற்றி வடிகட்டினேன். மாவெல்லாம் துணியில் நின்றுவிட்டது. கேனில் இறங்கியது இளநீர் மாதிரி இருந்தது. அந்தப் பையன் இன்று மூக்கைப் பொத்தவில்லை. கோகிலாவிடம் எதுவும் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் செய்ததைச் சொல்லிக்காட்ட மாட்டார்கள்.

ஜனவரி 20

சரசு காலையிலிருந்து பீரோவைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். மாம்பழ நிறச் சுங்குடிச் சேலையைக் காணோமாம். கோகிலா தன் முதல் உதவித்தொகையில் அத்தைக்கு எடுத்துக் கொடுத்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சு போல ஆகிவிட்ட சேலை.

"எலி இழுத்திருக்கும்" என்றேன்.

"சேலை கட்டற எலியா?" என்றாள்.

ஜனவரி 23

கோகிலா போனில் துள்ளிக் குதித்தாள். எப்போதும் நாலு மணி நேரத்தில் மாவு சேர்ந்து அடைத்துக்கொள்ளும் குழாய், இந்த முறை பத்தொன்பது மணி நேரம் ஓடியதாம்.

"இந்தத் தண்ணியில மாவுத்தூளே கம்மியா இருக்கு மாமா. எங்க புடிச்சீங்க? ஆலையில ஏதாச்சும் மாத்துனாங்களா?"

சரசு பக்கத்தில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அதே வாய்க்கால், அதே எடம், அதே மாதிரி" என்றேன். "வேணும்னா கழுத்தளவுத் தண்ணியில எறங்கிப் புடிச்சேன்னு எழுதிக்கோ."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"உன் மாமன் என்னைக்குப் பொய் சொன்னான்?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. சிக்னல் சரியில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 20

ஏழாவது கேனும் எட்டாவது கேனும் பழையபடி நாலு மணி நேரத்தில் அடைத்துக்கொண்டனவாம். மறுபடி வடிகட்டலாம் என்றால் வேட்டி கைவசம் இல்லை. ஆலைக் கிட்டங்கியில் காலிச் சாக்குகளுக்குப் பின்னால் இருக்கிறது. வேட்டியை எதற்கு ஒளித்து வைக்க வேண்டும் என்று இதைப் படிப்பவர்கள் கேட்கக் கூடாது.

பிப்ரவரி 24

இரண்டாவது கட்டுரை போய்விட்டது. அனுப்பும் முன் போனில் காட்டினாள், எட்டு கேனையும் எட்டுப் புள்ளியாக வைத்துப் படம் போட்டிருக்கிறாள். ஏழு புள்ளி தரையில் கிடக்கிறது, ஆறாவது மட்டும் கோபுரத்தில் நிற்கிறது.

"எட்டையும் கோபுரத்துல ஏத்திரு கண்ணு. யாரு வந்து பாக்கப் போறா?"

"அப்படிப் பண்ணக் கூடாது மாமா."

"அப்ப அந்த ஒண்ண எறக்கிரு. ஒத்துமையா இருக்கும்."

"அதுவும் கூடாது. நடந்தது நடந்தபடி இருக்கோணும். ஏன்னு எனக்குத் தெரியலன்னாலும் அந்தப் புள்ளிய நான் தொடக் கூடாது."

ஒரு விஷயத்தைத் தொடாமல் அப்படியே சொல்வதா? எனக்கு ஒரு நாள்கூட ஓடாது.

மார்ச் 11

துக்கம். புத்தகத்தின் முன்வடிவை கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்ததில் கோகிலாவுக்கு ஒன்பது சதவீதம்தான் வந்திருக்கிறது. அவளே போனில் சொன்னாள்.

மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "பரவால்ல சாமி, நானும் கணக்குல ஒன்பதுதான். எதுல கொறஞ்சு போயிட்டேன்?" என்றேன். சரசு போனைப் பிடுங்கி, "அழுவாத கண்ணு, ஊருக்கு வா, கோழி அடிக்கறேன்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அடுத்தவர் எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையாம். ஒன்பது என்றால் மிக நல்லதாம். படிப்பிலேயே குறைய வாங்கினால் பாராட்டும் ஒரே பரீட்சை இதுதான். இதை என் காலத்தில் வைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

கோழி அடித்தாகிவிட்டது. நாங்களே சாப்பிட்டோம்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. கோகிலா வந்திருக்கிறாள். பாயசம் வைத்த டம்ளரில் ஏடு படிந்து கிடக்கிறது, தொடவில்லை.

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. அதைப் படித்துப் பார்த்த பெரியவர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறாராம்: ஆறாவது கேன் மட்டும் ஏன் அப்படி? காரணம் சொல்ல முடியவில்லை என்றால் மற்ற ஏழையும் எப்படி நம்புவது? பதில் சொல்ல மூன்று வாரம். ஆலையோ இந்த வாரத்தோடு சீசன் முடிந்து நிற்கப் போகிறது.

"ரெஜினா மேடம் என்ன சொல்றாங்க?" என்று சரசு கேட்டாள். மேடம் என்பது கோகிலாவின் கைடு. அவர் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு இலைகூட அசையாது.

"காரணம் கண்டுபுடி, இல்லன்னா மறுபடி அதே மாதிரி வரவைன்னு சொல்றாங்க அத்தை. நானும் பாத்துட்டேன். நான்தான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன். எந்த எடத்துலன்னுதான் தெரியல. ஆறு வருசமா பண்ணதுல எது சரி, எது தப்புன்னே இப்ப எனக்குத் தெரியல."

இன்று வெயில் அதிகம்.

ஏப்ரல் 15

எழுத எதுவும் இல்லை.

ஏப்ரல் 16

சொல்லிவிட்டேன்.

காலையில் அவள் வாசற்படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சரசு உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் குரலைத் தணித்து, "கண்ணு, அந்த ஆறாவது கேன் தண்ணிய நான் துணியில வடிகட்டிக் கொண்டாந்தேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி சீப்பை எடுத்தாள்.

"வேண்டாம் மாமா. எனக்காகக் கதை கட்டாதீங்க."

"கதையில்ல சாமி. நெசம்."

"ஜனவரில கேட்டேனே. கழுத்தளவுத் தண்ணியில எறங்கினேன்னீங்க. அந்த வாய்க்கால்ல முழங்காலளவுகூடத் தண்ணி இல்ல. இப்ப நான் அழுவறேன்னு துணி வருது. நாளைக்கு அந்தத் துணி பட்டுங்கறீங்க, நாளன்னைக்கு முதலாளியே வந்து புடிச்சுக்கிட்டாருங்கறீங்க. இத நான் மேடம்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

ஐம்பத்தெட்டு வயதில் முதன்முறையாக எதையும் சேர்க்காமல் ஒன்றைச் சொல்கிறேன். நம்ப ஆள் இல்லை.

"என்னோட எட்டு முழ வேட்டியில..." என்று ஆரம்பித்தேன். உள்ளிருந்து சரசுவின் குரல்.

"எந்த எட்டு முழ வேட்டி? உங்ககிட்ட இருந்த ஒரே எட்டு முழம் நம்ம கல்யாணத்துல கட்டுனது. அது இப்ப தலகாணி உறை."

வாய் அடைத்துக்கொண்டது. நாலு மணி நேரக் குழாய் மாதிரி.

"சேலை" என்றேன்.

"எந்தச் சேலை?"

"மாம்பழக் கலரு."

அடுத்து நடந்ததை முழுவதும் எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை. தோசைக்கரண்டி என் காதோரம் பறந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் அவள் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

"புள்ள மொத மொதல்ல சம்பாதிச்சு எடுத்துக் குடுத்த சேலை! அதுல போயி கழிவுத் தண்ணிய வடிச்சியா மனுசா? வேற துணியே கெடைக்கலியா உனக்கு? மூணு மாசமா எலிப்பொறி வெச்சுக்கிட்டுத் திரியறேனே நான்!"

முப்பது வருடக் குடித்தனத்தில் சரசு என்னை 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் முறை. கோகிலா எழுந்துவிட்டாள். சீப்பு தலையிலேயே நின்றது. அத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இவ்வளவு திட்டு வாங்கித் தரும் பொய்யை யாரும் சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மாமா, அந்தச் சேலை இப்ப எங்க?"

ஏப்ரல் 17

சேலை கிட்டங்கியில் வைத்த இடத்திலேயே இருந்தது. எலி உண்மையாகவே ஒரு மூலையைக் கடித்திருந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தேன், சரசு பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டேன்.

ரெஜினா மேடம் போனில் சொன்னதாகக் கோகிலா சொன்னாள்: அவர் அன்று என்ன செய்தாரோ அதையே மூன்று முறை செய்யட்டும், நீ கூட நின்று பார்.

வாய்க்கால் ஓரம் நின்றேன். லோடு இறக்கும் ஆட்கள் வேறு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். சேலையை ஒரு உதறு உதறி, தோளில் போட்டு, கொஞ்சம் ஸ்டைலாக ஆரம்பித்தேன்.

"மாமா, அன்னைக்குச் செஞ்ச மாதிரியே."

"அன்னைக்கு யாரும் பாக்கலியே கண்ணு."

"யாரும் பாக்காதப்ப செஞ்ச மாதிரியே செய்ங்க."

கஷ்டமான வேலை. ஆனாலும் செய்தேன். மூன்று கேன், வடிகட்டாமல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னும் மூன்று. மாலையில் கிழங்கு லாரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சேலையும் போய்விட்டது. துணியின் கண் எவ்வளவு பெரிது என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்க உள்ளங்கை அளவு வெட்ட வேண்டுமாம். சரசுவிடம் கேட்டாள்.

"வெட்டிக்கோ சாமி" என்றாள் சரசு. என்னிடம் கேட்டிருந்தால் இப்படியா சொல்லியிருப்பாள்?

ஏப்ரல் 18

போன் வரவில்லை.

ஏப்ரல் 20

ஆலை நின்றுவிட்டது. சங்கு ஊதாத காலையில் என்ன செய்வதென்று தெரியாமல் எலிப்பொறியைப் பிரித்துத் துடைத்து வைத்தேன்.

ஏப்ரல் 23

பத்தொன்பது. பதினெட்டு. பத்தொன்பது.

வடிகட்டாத மூன்றும் நாலு, நாலு, நாலரை.

"ஒத்து வந்துருச்சு மாமா" என்றாள். போனைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். நான் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 29

பதில் போய்விட்டது. கேன் கொண்டு வந்தவர் தனக்குத் தெரியாமல் துணியில் வடிகட்டிவிட்டார் என்றும், தான் சரியாக விசாரிக்கவில்லை என்றும் உள்ளபடியே எழுதியிருக்கிறாளாம்.

"என் பேரப் போட்டியா?"

"பேரு போடல மாமா. கலெக்டர்னு போட்டிருக்கேன்."

மாதிரி எடுத்து வந்தவரை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். வெளிநாட்டுப் பத்திரிகையில் என்னைக் கலெக்டர் என்று அச்சடித்து எழுதப் போகிறார்கள். டீக்கடையில் சொல்லிவிட்டு வந்தேன். எந்த மாவட்டம் என்று கேட்டார்கள். பொறாமை.

மே 27

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்.

ஜூன் 19

சினாப்சிஸ் உள்ளே போயிற்று. கெடுவுக்குப் பதினோரு நாள் முன்னால். நான் பதினோரு மாதம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 12

புத்தகம் வெளியூர்ப் புரொபசர்களிடம் போய்ச் சுற்றிவிட்டு நல்ல பெயரோடு திரும்பி வந்தது. இன்று வைவா. மண்டபம் என்று எழுதியிருந்தேன், பெரிய வகுப்பறைதான்.

நான் வெள்ளைச் சட்டை. சரசு மாம்பழ நிறச் சுங்குடி. கோகிலா ஏழு தண்ணீர் அலசித் திருப்பிக் கொடுத்திருந்தாள். புதுச் சேலை எடுத்துத் தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு, "எதுக்கு? இதுதான் படிச்ச சேலை" என்று சொல்லிவிட்டாள் சரசு. வெட்டின இடம் முந்தானையில் வருகிறது. அதை உள்ளே மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.

கோகிலா முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினாள். தடுமாறவே இல்லை. எனக்குப் புரிந்தது 'கலெக்டர்' என்ற ஒரு சொல். அது வந்தபோதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வெளியூரிலிருந்து வந்த பரிசோதகர், தலை நரைத்தவர், திரையில் இருந்த படத்தைக் காட்டி ஏதோ கேட்டார். கோகிலா பதில் சொன்னாள். அவர் விடவில்லை, மறுபடி கேட்டார். கோகிலா கொஞ்சம் தயங்கிவிட்டு எங்கள் பக்கம் பார்த்தாள். ரெஜினா மேடம் சிரித்துக்கொண்டே அவர் காதில் எதையோ சொன்னார்.

அவர் தமிழுக்கு வந்தார். "நீங்கதான் அந்தக் கலெக்டரா?"

எழுந்து நின்றேன். "ஆமாங்க."

"துணிய ஏன் நாலா மடிச்சீங்க? ரெண்டா மடிச்சிருக்கலாம், எட்டா மடிச்சிருக்கலாம். நாலுக்கு ஏதாச்சும் காரணம் உண்டா?"

அத்தனை தலையும் திரும்பின. ஆறு வருடமாக இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன். எங்கள் பரம்பரையில் ஒரு வைத்தியர் இருந்தார் என்று சொல்லலாம். கனவில் வந்து ஒருவர் நாலு விரலைக் காட்டினார் என்று சொல்லலாம். வாய்வரை வந்துவிட்டது. கோகிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு மேல மடிச்சா என் கைக்குள்ள அடங்கலீங்க" என்றேன்.

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு அதைக் குனிந்து எழுதிக்கொண்டார். கோகிலா தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள்.

சபையில் இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார்கள். சரசு என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். தேவையே இல்லை, எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

எல்லோரையும் வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே பேசினார்கள். கதவு திறந்து ரெஜினா மேடம் வந்து, "வாங்க, டாக்டர் கோகிலவாணி" என்றார். அவள் நேரே போகாமல் எங்களிடம் வந்தாள். சரசு முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். செருகியிருந்த ஓட்டை வெளியே வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், அதன் வழியே அவள் கன்னம் தெரிந்தது.

நவம்பர் 14

வீட்டுக்கு வந்த ஆலை ஆட்கள் மூன்று பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். கேள்வி அதே கேள்வி, பதில் அதே பதில். மூன்று முறையும் ஒரு சொல் மாறாமல் ஒத்து வந்தது. சரசு சாட்சி. மூன்றாவது முறை முடிந்ததும் அவள் உள்ளே போய் எனக்குக் காபி கலந்து கொண்டு வந்தாள்.

பதிலைக் கேட்டதும் ஐந்நூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள் (கூடக் குறைய நானூற்று எழுபது).